ராப் பாட்டும் நம்ம பெங்களூர்த் தமிழும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்துத் தமிழ் அமைப்பு ஒன்றின் பொங்கல் விழாவில் இளைஞர் பாட்டுப் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் அடியேனும் ஒருவன். பாரதியார் பாடல், பாரதிதாசன் பாடல், பழைய திரைப்பாடல் என்று வரிசையாக வந்தன. பிறகு சீராமபுரத்திலிருந்து வந்திருந்த பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் மேடையேறினான். செல்போனில் தாளத்தை ஓடவிட்டு, தானே எழுதிய ராப் பாட்டைச் சொன்னான். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா, விடிகாலையில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற அம்மா, மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிற தெரு, எல்லாம் அதில் இருந்தன. நடுநடுவே கன்னடச் சொற்களும் தாராளமாக வந்து விழுந்தன. பின்வரிசை விசிலடித்தது. முன்வரிசை கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

எங்களிடம் தந்த தாளில் 'மொழித் தூய்மை' என்றொரு கட்டம் இருந்தது. அதற்கு 25 மதிப்பெண். நான் 5 போட்டேன். விழா முடிந்ததும் பையன் என்னிடம் வந்து, "சார், எங்க வீட்ல பேசுற தமிழ்லதான் எழுதினேன். அது தமிழ் இல்லீங்களா?" என்று கேட்டான். "நல்லா பண்ற தம்பி, இன்னும் பயிற்சி எடு" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இந்த மலரில் எழுதிப் பார்க்கிறேன்.

சந்தத்தை மட்டும் பார்ப்பது

ராப் பற்றி நம் படித்தவர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்பது முதலாவது. "இது நம்மிடம் எப்போதோ இருந்ததுதானே" என்பது இரண்டாவது. இரண்டாம் கட்சியார் அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தையும் கொன்னக்கோல் சொற்கட்டையும் சான்று காட்டுவர். நானே மேடைகளில் அப்படிப் பேசியிருக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் அடிதோறும் ஒரே ஒழுங்கில் திரும்பி வரும் வண்ணப் பாவைக் கேட்டுப் பழகிய காதுக்கு ராப் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இது ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற வாதம். ஒப்பாரி வைக்கும் பெண்ணிடம் "ராகம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, செத்தது யார் என்று கேட்காமல் போவது போன்றது இது. ராப்பில் முதலில் கேட்க வேண்டியது, பேசுகிற ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து பேசுகிறான், யார் பெயரைச் சொல்கிறான் என்பதே.

குடிபெயர்ந்தவர் கலை

ஹிப் ஹாப் பிறந்த நாளாக 1973 ஆகஸ்ட் 11-ஐக் குறிப்பிடுவர். நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த விருந்து அது. இசைத்தட்டு சுழற்றியவர் டி.ஜே. கூல் ஹெர்க். பன்னிரண்டு வயதில் ஜமைக்காவிலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறியவர். பாட்டில் பறை முழக்கம் மட்டும் தனித்து நிற்கும் சில நொடிகளை இரண்டு தட்டுகளைக் கொண்டு நீட்டிக்கொண்டே போனார். அந்த இடைவெளியில்தான் பேச்சு நுழைந்தது. சொந்தப் பெயரையும் சொந்தத் தெருவையும் உரக்கச் சொல்வது அந்தப் பேச்சின் இலக்கணம் ஆயிற்று.

தமிழில் 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வந்தது. ரகுமானின் இசையில் சென்னைப் பேச்சு அட்டகாசமாக ஒலித்தது. ஆயினும் அது படத்தில் வரும் ஒரு கேலிக் கூத்தாகவே நின்றது. முழு ஆல்பமாகத் தமிழ் ராப் பரவலாகப் பேசப்பட்டது 2006-இல், யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' வந்தபோது. அவர்கள் மலேசியத் தமிழர்கள். 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த பாடலைத் திரும்ப எடுத்து, தங்கள் குரலை அதன்மேல் ஏற்றினார்கள். அதற்கு ஓராண்டு முன்பே லண்டனில் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் முதல் ஆல்பத்தை வெளியிட்டிருந்தார். ஈழத்தில் வளர்ந்து போரால் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தவர். முதல் ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்', 2007-இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான 'கலா' என்று பெயரிட்டார். பாட்டு ஆங்கிலம்; ஆனால் அட்டையில் அப்பா அம்மா பேர்.

கோலாலம்பூர், லண்டன் என்று எங்கே பார்த்தாலும் இதைச் செய்தவர்கள் ஊர்விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள். நாமும் அந்த ரகந்தானே!

'தமிழன்' என்பதும் 'என் பாட்டி' என்பதும்

தமிழ்நாட்டில் இக்கலையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர்கள் ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ஹிப்ஹாப் தமிழா என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2011-இல் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த 'கிளப்புல மப்புல' பாட்டு, குடிக்கிற பெண்களைப் பார்த்துப் பண்பாட்டை நினைத்துப் புலம்புகிற பாட்டு. 2012-இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'ஹிப் ஹாப் தமிழன்'. இவற்றைக் கேட்கும்போது நம் பட்டிமன்ற மேடைதான் தாளத்தோடு வந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழன் பழமையானவன், தமிழ்ப் பெண் இப்படி இருக்கணும் என்பதைச் சொல்ல ராப் எதற்கு? நம்ம ஆண்டு விழாவே போதும்.

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' வேறு மாதிரி. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த பாட்டு. அதில் அறிவு பொதுவான தமிழனைப் பாடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியா திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளை நடுவில் நிறுத்தினார். ஒரு கிழவியின் பெயரைச் சொன்னதில் நிலமற்ற கூலிகளின் வரலாறு முழுவதும் உள்ளே வந்துவிட்டது.

பேர் சொல்லும் கலையில் பேர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே பாட்டு காட்டியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு மேடையேறியபோது பிரச்சினை மறுபடி கிளம்பியது. பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரு தரப்பும் அறிக்கை விட்டன. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. சண்டை பேருக்காக நடந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் ஊர்

பெங்களூரில் ராப் இல்லாமல் இல்லை. புரோதா வி, ஸ்மோக்கி தி கோஸ்ட் ஆகியோர் சேர்ந்திருந்த குழுவுக்குப் பெயர் 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்'. பாடியது ஆங்கிலத்தில், பெயரில் மட்டும் நம் 'மச்சா'. இந்நகரத்துத் தெருக்கள் எல்லா மொழிக்காரருக்கும் பொதுவாக்கிவிட்ட தமிழ்ச் சொல் அது. சொல் கொடுக்கல் வாங்கலில் நாம் வாங்கியது மட்டும் கறை, கொடுத்தது பெருமை என்று கணக்கு எழுதுவது நியாயமா?

பையனின் தாத்தா ஊருக்கு வருவோம். 1880-களில் ஆங்கிலேயக் கம்பெனி தங்கவயலில் சுரங்கம் தோண்டியபோது, வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கி வேலை செய்தார்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அங்கிருந்து இன்றும் பலர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். இதே தங்கவயலில்தான் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. அவர் நூல்கள் பின்னாளில் அங்கே அச்சாயின. 2018 ஜனவரியில் சென்னையில் கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, தன் பெயரை அந்தப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. அறிவும் அக்குழுவில் இருந்தவர். அப்படியானால் அன்று மேடையில் நின்ற பையனுக்கு இந்தக் கலை அமெரிக்கா வழியாக மட்டும் வரவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: "பிள்ளைகளுக்குத் தமிழே தெரியாமல் போகிற ஊரில் தூய்மைக் கட்டத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?" இந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். 1991 காவிரிக் கலவரத்தைக் கண்ட தலைமுறை நாங்கள். பஸ்ஸில் தமிழ்ப் பத்திரிகையை மடித்து மறைத்துக்கொண்டு போனவன் நான்.

ஆனால் அன்று பையன் கையிலிருந்த தாளையும் பார்த்தேன். பாட்டு தமிழ். எழுத்து கன்னட எழுத்து. பள்ளியில் கிடைத்த எழுத்தைக் கொண்டு வீட்டில் கிடைத்த மொழியை எழுதி வைத்திருந்தான். தமிழைக் கைவிடுகிறவன் அவ்வளவு பாடுபட மாட்டான்.

ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ராப்பை இரக்கப்பட்டுச் சேர்க்க வேண்டாம். பெண்ணை இழிவு செய்தாலும் வெறும் பீற்றலாக இருந்தாலும் தாராளமாக மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஆனால் 'மொழித் தூய்மை' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'சொந்தச் சொல்' என்று எழுதுங்கள். கூடவே அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நானே வருகிறேன்.

அந்தத் தம்பி இந்த மலரைப் படிக்க வழியில்லை. படிக்கிறவர்கள் யாராவது சீராமபுரம் பக்கம் அவனைப் பார்த்தால் சொல்லுங்கள்: அவன் எழுதினது தமிழ்தான், அந்த 5 மதிப்பெண் என்னுடைய தப்பு.