நிறுவும் உரிமையும் சாவியின் உடைமையும்: குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

கட்டற்ற மென்பொருள் குறித்த ஆய்வுகள் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமைகளையே பெரிதும் பேசுகின்றன. திருத்திய நிரலைத் தம் கருவியில் நிறுவ இயலாதவருக்கு அவ்வுரிமைகளால் பயன் என்ன என்னும் வினாவை, 2007 ஜூன் 29 அன்று வெளியான குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு எதிர்கொண்டது. ஐபோன் விற்பனைக்கு வந்ததும் அதே நாளில்தான். அவ்வுரிமத்தின் நிறுவல் விதியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

விதியும் அதன் உட்கருத்தும்

டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுக்கருவி லினக்ஸ் கருவைக் கொண்டு இயங்கியது. இரண்டாம் பதிப்பு கோரியவாறு அதன் மூல நிரலை நிறுவனம் வெளியிட்டது. ஆயினும் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இல்லாத நிரலை அக்கருவி இயக்க மறுத்தது. இதற்கு விடையாக, வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளை விற்போர், திருத்திய நிரலை நிறுவுவதற்கான வழிமுறைகளையும் சாவிகளையும் அளிக்க வேண்டும் என மூன்றாம் பதிப்பின் ஆறாம் பிரிவு பணித்தது. அப்பிரிவு தரும் விலக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. மாற்றவியலாத நினைவகத்தில் நிரல் பதிக்கப்பட்டு, உற்பத்தியாளராலும் அதைத் திருத்த முடியாதெனில் இக்கடமை இல்லை. ஆகவே, இவ்விதி வேண்டுவது விற்றவருக்கு உள்ள ஆற்றல் வாங்கியவருக்கும் இருக்க வேண்டும் என்னும் சமன்மையே எனலாம்.

பாதுகாப்பு வாதம்

கையொப்பச் சோதனை தீநிரல்களைத் தடுக்கும் என்பது ஏற்கத்தக்கதே. எனினும் சாவி யாரிடம் உள்ளது என்பதே அடிப்படை வினா. விண்டோஸ் 8 சான்றிதழுக்காக மைக்ரோசாப்ட் வகுத்த விதிகள், இன்டெல் வகைக் கணினிகளில் பாதுகாப்புத் தொடக்கத்தை உரிமையாளர் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றன. ஆர்ம் வகைக் கருவிகளில் அவ்வழி இருக்கக்கூடாது என்றன. ஒரே பாதுகாப்பு நுட்பத்தை உரிமையாளருக்கு இடம் தந்தும் தராமலும் அமைக்கலாம் என்பதற்கு இது சான்று.

விதியின் எல்லை

உரிமம் தன்கீழ் வெளியாகும் நிரலை மட்டுமே கட்டுப்படுத்தும். லினஸ் டோர்வால்ட்ஸ் நிறுவல் விதியை ஏற்காததால் லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே தொடர்ந்தது. அக்கருவில் இயங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அவ்விதி எட்டவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டு மின்னிலக்கச் சந்தைச் சட்டத்தின் விளைவாக, 2024 மார்ச்சில் ஆப்பிள் அங்குப் பிற செயலிக் கடைகளுக்கு இடமளித்தது. எனினும் அக்கடைகளின் செயலிகளும் ஆப்பிளின் சரிபார்ப்பைக் கடந்தே ஐபோனில் நிறுவப்படுகின்றன. கடைகள் பெருகினும் சாவி கைமாறவில்லை.

முடிவுரை

பொது உரிமம் சிக்கலைச் சரியாக இனங்கண்டது; பதிப்புரிமையைச் சார்ந்து நிற்பதால் அதன் ஆற்றல் குறுகியது. சந்தைச் சட்டம் ஆற்றல் மிக்கது. ஆனால் வணிகப் போட்டியையே முதன்மையாக நோக்குகிறது. கருவியை வாங்கியவரின் உரிமையை மையமாகக் கொண்டு சட்டம் இயற்றப்படுமாயின், ஆறாம் பிரிவின் சமன்மையே அதற்குத் தக்க அளவுகோலாகும்.