ஊசிக்குப் போலி எது?

மாத்திரையைச் சோதிப்பது எளிது. அதே நிறத்தில், அதே வடிவில் மருந்தில்லாத மாத்திரை ஒன்றைச் செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஊசி குத்துவதையோ உடற்பயிற்சியையோ அப்படி மறைக்க முடியுமா? மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றிய சச்சரவுகளில் பெரும்பங்கு இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டி நிற்கிறது.

மறைக்க முடிந்த இடத்தில் விடை தெளிவாகவே வந்திருக்கிறது. தூசு உண்ணி ஒவ்வாமைக்காரர்கள் மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை போட வேண்டும் என்பது மருத்துவர்களின் பழைய அறிவுரை. பார்வைக்கு அதே போன்ற சாதாரண உறையைச் செய்வதில் சிரமமே இல்லை. 2003இல் இரண்டு பெரிய ஆய்வுகள் அப்படித்தான் நடந்தன: ஒன்று பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 1,122 பேரிடம், மற்றது நெதர்லாந்தில் மூக்கு ஒவ்வாமை உள்ள 279 பேரிடம். நெதர்லாந்தில் மெத்தையில் உண்ணிப் பொருளின் அளவு நன்றாகவே குறைந்தது. மூக்கடைப்போ சாதாரண உறை போட்டவர்களுக்குக் குறைந்த அளவுக்குத்தான் குறைந்தது. ஆஸ்துமாவிலும் உறையை மட்டும் நம்பியதால் பலன் கிடைக்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்த அறிவுரை!

அக்குபங்சருக்கு வந்தால் பாதை கரடுமுரடாகிறது. ஜெர்மனியில் நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்திய ‘கெராக்’ ஆய்வு 2007இல் வெளியானது. முதல் குழுவுக்குச் சீன மரபு சொல்லும் புள்ளிகளில் ஆழமாக ஊசி. இரண்டாவது குழுவுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வைத்தியம், அதாவது இயன்முறைப் பயிற்சி, வலிமாத்திரை. ஆறு மாதத்தில் பலன் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

முதல் இரண்டு எண்களைப் பாருங்கள். எங்கே குத்த வேண்டும், எவ்வளவு ஆழம் என்று ஆண்டுக்கணக்கில் கற்றுத்தரும் புள்ளிச் சாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆனால் ‘ஊசியே வீண்’ என்று முடிவுகட்டவும் இது போதாது. போலி ஊசி வெறும் மாத்திரை அல்ல, அதுவும் தோலைத் துளைக்கிறது. இரண்டும் சமம் என்றால் இரண்டிலும் வேலை செய்தது நம்பிக்கையாக இருக்கலாம், துளைப்பாகவும் இருக்கலாம். இந்த ஆய்வின் அமைப்பு அவற்றைப் பிரித்துக் காட்டாது.

எனக்கு அதிகம் உறுத்துவது மூன்றாவது எண். அக்குபங்சர் ஆதரவாளர்கள் கொடியாகத் தூக்கிப் பிடிப்பது அதைத்தான்: வழக்கமான வைத்தியத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு! அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார்? சராசரியாக எட்டு ஆண்டுகள் முதுகுவலியோடு வாழ்ந்து, அதே பயிற்சியையும் மாத்திரையையும் ஏற்கெனவே பார்த்துவிட்டு, ஊசி கிடைக்கும் என்ற ஆசையில் சேர்ந்தவர்கள். குலுக்கலில் விழுந்தது பழைய கஷாயம். முதல் இரு குழுவினருக்கு எதிர்பார்ப்பு, இவர்களுக்கு ஏமாற்றம். போதாக்குறைக்கு, இடையில் அனுமதிக்கப்படாத வேறு சிகிச்சையை நாடியவர்கள் வலி குறைந்திருந்தாலும் ‘பலன் இல்லாதவர்’ கணக்கில்தான் சேர்க்கப்பட்டார்கள். விதி எல்லாருக்கும் பொது என்றாலும், அதிருப்தியோடு இருப்பவர்தானே முதலில் வேறு வாசலைத் தட்டுவார்? 20 சதவீதப் புள்ளி இடைவெளி முழுவதையும் ஊசியின் வரவில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வாமையிலும் இதே இழுபறி. பிர்ச், புல் மகரந்த ஒவ்வாமை உள்ள 422 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களின் முடிவில் போலி ஊசியை உண்மை ஊசி முந்தியது. முந்திய தூரம், ஆறு புள்ளி வாழ்க்கைத்தர அளவுகோலில் அரைப்புள்ளி. 16ஆம் வாரத்தில் அதுவும் மறைந்தது. அடுத்த ஆண்டு மகரந்தக் காலத்தில் சிறிதளவு திரும்பித் தென்பட்டது. குத்துபவருக்கு எது உண்மை ஊசி என்று தெரியும், மதிப்பெண் இடுபவரோ நோயாளியே. இந்த நிலையில் அரைப்புள்ளியை மருத்துவரின் முகக்குறிப்பே உண்டாக்கிவிட முடியும். அப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை. நடக்கவில்லை என்று இந்த ஆய்வால் காட்ட முடியாது என்கிறேன்.

இதற்காக இத்தகைய ஆய்வுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று குழு அமைப்பு இல்லாமல் போயிருந்தால் புள்ளிச் சாத்திரம் இன்றும் கேள்வி கேட்பாரற்று நடைபோட்டிருக்கும். குறை, எந்த ஒப்பீட்டை நம்பி முடிவெடுக்கிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லாததில் இருக்கிறது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2009இல் கீழ்முதுகு வலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தது. 2016இல் போலி ஊசியோடு ஒப்பிட்ட வேறுபாடு போதாது என்று வேண்டாம் என்றது. ஜெர்மனியின் காப்பீட்டு முடிவுக் குழு 2006இல் வழக்கமான வைத்தியத்தோடான ஒப்பீட்டை எடுத்துக்கொண்டு முதுகுக்கும் முழங்காலுக்கும் பணம் தர ஒப்புக்கொண்டது. தலைவலியில் ஊசி வழக்கமான வைத்தியத்தை முந்தவில்லை, அதற்கு மறுத்துவிட்டது. அந்த அளவுகோல் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மூன்று நோய்களுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைத்தார்கள்.