தொலைந்த டெனர் ஏடு

பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாடகர்கள் தாம் பாடும் பாட்டின் முழு வடிவத்தைத் தாளில் பார்ப்பது அரிது. ஐந்து குரலுக்கான பாட்டு என்றால் ஐந்து தனி ஏடுகள் இருக்கும். அவரவர் ஏட்டில் அவரவர் பகுதி மட்டுமே எழுதியிருக்கும். ஓர் ஏடு தொலைந்தால் தொகுப்பிலுள்ள அத்தனை பாட்டுக்கும் ஒரு குரல் போய்விடும். கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியின் ஏடுகளுக்கு நேர்ந்தது அதுதான்.

1540இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி காண்டர்பரி மடத்தைக் கலைத்தது. புது நிர்வாகத்தின் கீழ் வந்த பேராலயத்தில் புதுப் பாடகர் குழு அமைந்தது. பாடுவதற்குப் பாட்டு உடனே வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு மாக்டலன் கல்லூரியிலிருந்து வந்த தாமஸ் புல் என்ற பாடகர் 72 லத்தீன் பாடல்களைப் படியெடுத்தார். பீட்டர்ஹவுஸ் ஏடுகள் அவையே. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் வந்ததும் அந்த உழைப்புக்கு வேலையில்லாமல் போனது. மேரி அரசியின் காலத்தில் லத்தீன் திரும்பியது, ஆனால் நிலைக்கவில்லை. இன்று எஞ்சியவை நான்கு ஏடுகள். ஆண் குரல் வகையான டெனரின் ஏடு இல்லை. உச்சக் குரலான ட்ரெபிள் ஏட்டிலும் பக்கங்கள் போய்விட்டன. சில பாடல்களை வேறு சுவடிகளைக் கொண்டு நிரப்பிவிடலாம். சுமார் 50 பாடல்களுக்கு அந்த வழியும் கிடையாது.

நம் பழந்தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு நகர்ந்தார்கள். வாசகர் புள்ளிகளைத் தாண்டிப் படித்துக்கொள்வார். பாடகர் புள்ளியைப் பாட முடியாது. ஆகவே நிக் சாண்டன் என்ற இங்கிலாந்து அறிஞர் துணிந்து இறங்கினார். 1983இல் முடித்த முனைவர் ஆய்வில் தொடங்கி, பல ஆண்டுகள் உட்கார்ந்து தொலைந்த குரல்களைத் தாமே எழுதினார். இது வெறும் கற்பனை அல்ல. டெனர் பல நேரம் பழைய வழிபாட்டு மெட்டொன்றை நீட்டிப் பிடித்துப் பாடும். அந்த மெட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு குரல் தொடங்கிய மெட்டுத் துணுக்கை அடுத்த குரல் சற்றுத் தள்ளி எடுப்பது வழக்கம் என்பதால், காணாமற்போன குரல் எங்கே நுழைந்திருக்கும் என்பதை மற்ற குரல்களே காட்டிக்கொடுக்கும். இரண்டு குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளியில் சேர்ந்தே நகரக்கூடாது என்பது போன்ற விதிகள் எஞ்சிய வழிகளையும் குறுக்கிவிடும். அப்படியும் பல இடங்களில் இரண்டு மூன்று விடைகள் நிற்கும். அங்கே முடிவெடுப்பவர் இசையமைப்பாளர்தான், வேறு பெயர் அதற்கில்லை.

காகிதத்தில் இருந்ததைக் காதுக்குக் கொண்டுவந்தது பாஸ்டனின் ப்ளூ ஹெரான். ஸ்காட் மெட்காஃப் தலைமையில் 1999இல் தொடங்கிய சிறு குழு இது. 2010 முதல் 2017 வரை ஐந்து சிடிகளில் இந்த ஏடுகளின் இசையைப் பதிவுசெய்தது. நிக்கலஸ் லட்ஃபர்ட், ஹ்யூ ஆஸ்டன், ராபர்ட் ஜோன்ஸ், ஜான் மேசன் என்று இசை மாணவர்களே அதிகம் கேட்டிராத பெயர்கள். ஐந்தாம் சிடியின் பிரதானமான மாஸ் (திருப்பலிக்கான இசை) யார் இயற்றியது என்பதே தெரியாது. பெயர்கூட இல்லாத படைப்பு. அந்த சிடிக்குத்தான் 2018இல் கிராமஃபோன் இதழின் பழைய இசை விருது கிடைத்தது.

குழு சிறிதாக இருப்பதைச் சிக்கனம் என்று நினைக்கக் கூடாது. ஒற்றை மெட்டைப் பின்தொடர்ந்தே பழகிய நம் காதுக்கு இந்த இசை முதலில் குழப்பமாகவே இருக்கும். ஐந்து மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதுவும் எதற்கும் பக்கவாத்தியம் அல்ல. ஐம்பது பேர் பாடினால் எல்லாம் கலங்கிய நீராகிவிடும். ஒரு பகுதிக்கு இரண்டு மூன்று பேர் நின்றால்தான் இழைகள் தனித்தனியாகத் தெரியும்.

இதே துறையில் வேறு சிலரும் இருக்கிறார்கள். வியன்னாவின் சிங்க்வெசென்டோ குழு 2004 முதல் யாக்கோபஸ் வேட் போன்ற ஹாப்ஸ்பர்க் அரசவை இசைஞர்களைத் தோண்டியெடுக்கிறது. பாரிஸ் நூலகத்தில் தவறான பெயரில் பட்டியலிடப்பட்டுக் கிடந்த, இசையமைப்பாளர் ஸ்ட்ரிஜ்ஜியோவின் 40 குரல் மாஸை டாவிட் மொரோனி கண்டெடுத்து 2007இல் லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவில் அரங்கேற்றினார்; ஐ ஃபஜோலினி குழு 2011இல் அதைப் பதிவுசெய்தது. அந்தப் படைப்பு சிறுகுழுக்களின் வழக்கத்துக்கு விலக்கு. எனக்கு அதன் பிரம்மாண்டம் பிடிக்கும், திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றாது. மாறாக, மியூசிகா சீக்ரெட்டா குழு 2017இல் வெளியிட்ட பெண் குரல் மோட்டெட்டுகள் (பல குரல் பக்திப் பாடல்கள்) விடாமல் இழுக்கின்றன. 1543இல் வெனிஸில் பெயரின்றி அச்சான அவை, லுக்ரேசியா போர்ஜியாவின் மகளான கன்னியாஸ்திரீ லியோனோரா தெஸ்தேயுடையவையாக இருக்கலாம் என்கிறார் ஆய்வாளர் லாரி ஸ்ட்ராஸ். வாதம் வலுவானது, ஆதாரம் மறைமுகமானது. அதைப் பதிவின் விளம்பரங்கள் சில மறந்துவிடுவதுதான் குறை.

என் குறையும் இதையொட்டியதே. நிரப்பி எழுதியவரின் பெயர் சிடியின் கையேட்டில் இருக்கிறது. இணையத்தில் கேட்பவர் கண்ணுக்கு லட்ஃபர்டின் பெயரே முதலில் படும், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஒரு குரல் முழுவதையும் நம் காலத்து மனிதர் எழுதியிருக்கையில் அவர் பெயரும் இயற்றியவரின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் லட்ஃபர்டின் ‘ரெக்னும் முண்டி’ மாஸ் உள்ள இரண்டாம் சிடியில் தொடங்குங்கள்.