தட்டிப் பார்த்து வாங்கிய படகு

படூரிலிருந்து கேளம்பாக்கம் வழியே உப்பங்கழியைக் கடந்து கோவளம் மணலுக்குச் சென்றிருந்த ஒரு காலையில், பழைய பைபர் படகொன்றை விலை பேச வந்த முதிய மீனவர், எஞ்சினை ஏறிட்டும் பாராமல், அணியத்திலிருந்து அமரம் வரை விரல்கணுவால் சாண் சாணாகத் தட்டிச் செவிசாய்த்த பரீட்சையை நான் மெய்மறந்து பார்த்து நின்றேன். உறுதியான இடம் கணீரென்றது. உள்ளே அடுக்கு விட்ட இடமோ, நனைந்த பலகையைப் போல மந்தமாகச் சப்தித்தது.

படகை அவர் வாங்கிய பிறகு, அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெசினில் தோய்ந்த கண்ணாடி இழைப் பாயைப் பதித்து, காற்றுக்குமிழ் ஒன்றும் தங்காதபடி உருளையால் நீவி நீவி வெளியேற்றிய கரங்களின் நிதானத்தில் ஒரு சௌந்தரியம் இருந்தது. மேலே பூசிய நீல வர்ணம் அந்தக் கைவேலையை முழுவதும் மறைத்துவிட்டதில் எனக்குச் சற்று வருத்தமே. ஒன்று நின்றால் மற்றொன்று கரைசேர்க்க வேண்டுமென்று அவர் விரும்பி வாங்கிய இரட்டை எஞ்சின்கள், எல்லாம் உலர்ந்த பிறகு, கடைசியாகத்தான் ஏறின.