மழையை வாங்கும் கிணறு

பேரிடர்த் திட்டமிடல் என்றால் பலருக்குக் கட்டுப்பாட்டு அறையும் மீட்புப் படகும் நினைவுக்கு வரும். எனக்கு மயிலாப்பூர் வீட்டு வாசலோரத்து உறைகிணறுதான். அடுக்கிய சிமென்ட் உறைகள், உள்ளே கூழாங்கற்கள், மேலே ஒரு மூடி, அவ்வளவே. மொட்டைமாடி மழை குழாய்வழி இறங்கி மண்ணுக்குள் போய்விடுகிறது. மணற்பாங்கான இடத்தில் ஆழம் குறைவாக இருந்தாலே போதும். களிமண் குறுக்கிட்டால் அதைத் தாண்டித் தோண்ட வேண்டும். மண்ணைப் பார்த்து ஆழத்தைக் கணிப்பதில்தான் எத்தனை நேர்த்தி!

இயற்பியல் படித்த சேகர் ராகவன் மழைநீரை இப்படி மண்ணுக்குள் இறக்குவதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 1990களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார். 2002இல் எங்கள் மயிலாப்பூருக்குப் பக்கத்து மந்தைவெளியில், அவர் முயற்சியில், மழைநீர்ச் சேகரிப்பை விளக்கும் மழை மையம் உருவானது. மறு ஆண்டே தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது.

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தக் கிணறுகள் தடுத்திருக்க முடியாது. ஆனால் தெருவுக்கு ஓடும் நீரைக் குறைக்கும்; 2019 போன்ற வறண்ட கோடைக்கு நிலத்தடியில் சேர்த்தும் வைக்கும். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறுவதையும் மட்டுப்படுத்தும்.

சட்டத்துக்குப் பயந்து போட்டவை பல தூர்ந்துபோயின. பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கி, வண்டலை அள்ளி, கூழாங்கற்களைக் கழுவிப் போட்டுவிட வேண்டும்.