சங்கு, சக்கரம், சதுரக் காசு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் ஏந்தியிருக்கும் சங்கும் சக்கரமும் ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிரேக்க அரசனின் வெள்ளிக் காசில் ஏறிவிட்டன. அகதோக்ளிஸ் என்று பெயர், பாக்திரியாவை ஆண்டவன். காசுகள் மட்டும் கிடைத்திருக்காவிட்டால் அப்படியொருவன் இருந்ததே தெரியாமல் போயிருக்கும். 1970இல் ஆப்கானிஸ்தானின் ஐ-கானூமில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அந்த வகையில் ஆறு காசுகளைக் கண்டெடுத்தார்கள்.

ஒரு பக்கம் கலப்பையும் உலக்கையுமாகப் பலராமன். கூடவே கிரேக்க எழுத்தில் அரசன் பெயர். புரட்டினால் கண்ணன், அதே பெயர் பிராமியில். கிரேக்கக் காசு என்றால் வட்டம்தான், இதுவோ இந்திய வழக்கப்படி சதுரம். தெய்வத்தையும் எழுத்தையும் வாங்கியவன் வடிவத்தையும் விடவில்லை, கெட்டிக்காரன்!

நம் சட்டைப்பைக்கு வருவோம். 1985இல் தொடங்கிய சிங்கப்பூர்க் காசு வரிசையில், அரசுச் சின்னத்தைச் சுற்றி நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கிறது. தமிழைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: 'ப்பூ'வின் வளைவு அத்தனை சிறிய இடத்திலும் அடைபடாமல் நிற்கும். ஒரு வெள்ளி (டாலர்) காசின் மறுபுறம் நித்தியகல்யாணிப் பூ, சுற்றிலும் எண்கோணச் சட்டம். 2013 வரிசையில் பூ போய் மெர்லயன் வந்துவிட்டது. எனக்கு அதில் மனத்தாங்கல்தான். பழைய காசும் செல்லும். ஆனால் தேக்கா சந்தையில் சில்லறையோடு ஒன்று வந்தால் நான் செலவழிப்பதில்லை.