கடலுக்குப் போகும் 18 வோல்ட்

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குக் கிளம்பும் படகு கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வழியில் வின்ச் போல்ட் துருவேறி இறுகிக்கொண்டால் ஒர்க்‌ஷாப்பைத் தேடி ஓட முடியாது. ஸ்பேனரில் குழாயைச் செருகி இரண்டு பேர் மல்லுக்கட்டும் அந்த வேலையை 18 வோல்ட் கார்ட்லெஸ் இம்பாக்ட் ரெஞ்ச் கடகடவென்று அடித்து, சில நொடிகளில் முடித்துவிடுகிறது. ஈரத்தளத்தில் 230 வோல்ட் வயரை இழுத்துப்போடும் ஆபத்தும் இல்லை. கருவிக்குத் தாராளமாக மார்க் போடலாம்.

வம்பெல்லாம் சார்ஜரில்தான்.

5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பிடிப்பது 90 வாட்-ஹவர். வழியில் ஆகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 12 வோல்ட் படகு பேட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர்-ஹவர் இறங்கும். அது ஒன்றும் பெரிய செலவல்ல. ஆனால் 45 நிமிடத்தில் நிரப்பும் மக்கிட்டா டிசி18ஆர்சி போன்ற வேகச் சார்ஜர் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் 150 வாட் இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். மலிவு இன்வெர்ட்டரின் கரடுமுரடான மின்னலையில் சில சார்ஜர்கள் சூடேறிப் பழுதாவதும் உண்டு. ப்யூர் சைன் வேவ், 500 வாட் என்று கேட்டு வாங்குவது உத்தமம். இன்வெர்ட்டரே வேண்டாமென்றால் அதே மக்கிட்டாவின் டிசி18எஸ்இ 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும். வேகம் குறைவுதான், ஆனால் படகுக்கு அதுவே பொருத்தம். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பெரிய படகுகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 12 வோல்ட்டுக்கு மட்டுமான சார்ஜரை அதில் செருகினால் புகைதான் மிச்சம்.

சார்ஜரை எஞ்சின் ரூமில் மாட்டுவது வீண். கிரைண்டரிலிருந்து கழற்றிய பேட்டரி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்; அறையின் வெக்கையும் சேர்ந்தால், ஆறும்வரை சார்ஜர் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். காற்றோட்டமுள்ள வீல் ஹவுஸே மேல். உப்பு இன்னொரு தொல்லை. பேட்டரியின் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். தெறிப்பைத் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பித் தளத்தில் போட்டுவைக்காமல், துடைத்து, இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம்.

எங்கே வைத்தாலும், ஆள் பார்க்காமல் சார்ஜில் விட்டுவிடக் கூடாது. 2019 செப்டம்பர் 2 அதிகாலையில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே ‘கன்செப்ஷன்’ என்ற படகு எரிந்து 34 பேர் இறந்தார்கள். இரவெல்லாம் அங்கே ஃபோன்களும் கேமரா பேட்டரிகளும் சார்ஜில் கிடந்தன. தீயின் மூலகாரணம் உறுதியாகவில்லை. ஆனால் சுற்றிவந்து பார்க்கும் இரவுக்காவல் இல்லாததை விசாரணை அமைப்பு கடுமையாகச் சாடியது. பவர் டூல் பேட்டரிக்குள் இருப்பதும் அதே லித்தியம்-அயான்தான். எஞ்சின் ஓடி டைனமோ மின்சாரம் தரும் பகல் நேரத்திலேயே, ஆள் கண்ணெதிரில் சார்ஜ் போடலாம். வேகச் சார்ஜருக்குக் கொடுக்கும் காசில் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்வது நல்லது.